ஜட்ஜ் குண்டாகிவிட்டார்

ஜூன் 8, ஞாயிறு

தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றினோம். 'மாற்றினோம்' என்பது மரியாதைக்கு. வாளி சுமந்தது நான், உத்தரவு போட்டது ஆதிரை. இப்போது நிமிர முடியவில்லை.

மற்ற வீட்டுப் பெண்கள் நாய் கேட்பார்கள், போன் கேட்பார்கள். என் மகள் பதினைந்தாவது பிறந்தநாளுக்குப் பாம்பு கேட்டாள். கொளத்தூரில் டில்லிபாபு கடையில் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு தண்ணீர்ப் பாம்புகள், இரண்டும் ஆண். மூக்கு நுனியில் மீசைபோல் இரண்டு சதை நீட்டிக்கொண்டிருப்பதால் டில்லிபாபுவுக்கு இவை மீசைப் பாம்பு. நம் ஊர்த் தண்ணீர்ப் பாம்பை வீட்டில் வைத்தால் ஜெயில். இவை தாய்லாந்துப் பக்கத்து இனம், அதனால் ரசீது. தண்ணீரை விட்டு ஏறாது, ஏறினாலும் நகரத் தெரியாது. கடித்தாலும் மனிதருக்கு ஒன்றும் ஆகாது என்கிறார்கள். நான் சோதித்துப் பார்க்கவில்லை. தொட்டிக்குள் கை விடுவது ஆதிரையின் இலாகா.

அவள் அம்மா வீட்டில் நாய்க்குக்கூட அனுமதியில்லை. அந்தக் காரணத்துக்காகவே வாங்கினேன் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன்.

பெயர் வைத்ததும் ஆதிரைதான். ஒருவர் வக்கீல், மற்றவர் ஜட்ஜ். "நாள் பூரா அசையாம உக்காந்திருக்கு. கடைசில பாத்தா ஒண்ணுமே நடக்கல. உங்க கேஸ் மாதிரியேப்பா." சிரிக்கிற விஷயமா இது? மூன்று வருடம் குடும்ப நீதிமன்ற பெஞ்சில் உட்கார்ந்தவன் நான். மனு போட்டது அவள் அம்மா. ஆகவே இந்த டைரியில் அவர் மனுதாரர். தீர்ப்பில் எனக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து முதல் மாலை ஐந்து வரை.

பள்ளி மைதானத்தில் உதிர்ந்த பாதாம் இலைகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். ஊறவைத்தால் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வருகிறது. அமிலத்தன்மை கூடும், பாம்பின் தோலில் பூஞ்சை பிடிக்காது. கல்லூரியில் வேதியியல் நடத்துகிற எனக்கு இதை விளக்கினாள். சரியாகத்தான் விளக்கினாள்.

ஜூன் 11, புதன்

இந்த வீட்டுக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து இன்று வெளியேறினேன். கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்கார அம்மாள் பத்மாவதி, காலையில் ஒரு செய்தி போட்டிருந்தார்: 'சிலர் கேட்டைச் சாத்துவதில்லை.' இங்கே குடியிருப்பதே நான்கு குடும்பம். 'சிலர்' யார் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். என் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். 'சிலர்' என்றால் சிலர் வெளியேறிவிடுவார்கள்.

குறித்துக்கொள்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

வக்கீல் வேட்டையாடுவதை ஆதிரை என்னை வலுக்கட்டாயமாக உட்காரவைத்துக் காட்டினாள். உடம்பைக் கொக்கிபோல் வளைத்துக்கொண்டு குச்சியாகக் கிடக்கிறது. இரைக்கு விட்ட கப்பி மீன் அந்த வளைவுக்குள் வரும்வரை அசைவில்லை. வந்ததும் கழுத்துப் பக்கத்தில் லேசாக ஒரு துடிப்பு. மீன் மிரண்டு எதிர்ப்பக்கம் பாய்கிறது. எதிர்ப்பக்கத்தில் வாய் இருக்கிறது.

"பாத்தியா? அது தொரத்தவே இல்லப்பா. மீன் தப்பிக்கிறதா நெனச்சுக்கிட்டு நேரா வாய்க்குள்ள போகுது."

"மீனுக்கு மூளை இல்லை."

"மூளை இருக்கு. ஓடணுங்கற அவசரத்துல யோசிக்க மாட்டேங்குது."

பிறகு சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள், ஜூலையிலிருந்து நீட் கோச்சிங்காம். ஞாயிற்றுக்கிழமைகளில். என்ன தற்செயல்! வாரத்தில் ஏழு நாள் இருக்க, மனுதாரருக்கு அகப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

ஜூன் 20, வெள்ளி

குடும்ப நல ஆலோசகர் அறை. மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, ஓடாத கடிகாரம். மனுதாரர் பச்சைச் சேலை கட்டி வந்திருந்தார். ஞாயிறு முழுவதும் கோச்சிங், அப்பாவை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும் என்பது அவர் கோரிக்கை. என் கல்லூரியில் இப்படித்தான். எனக்கு ஐந்து வருடம் பின்னால் சேர்ந்த ஆளைத் துறைத்தலைவராக்கிவிட்டு, 'உங்க வேலைச் சுமையைக் குறைச்சிருக்கோம் சார்' என்றார்கள்.

ஆலோசகர் அம்மா ஆதிரையிடம் கேட்டார், "உனக்கு என்னம்மா வேணும்?"

"சண்டே போகணும் மேடம். பாம்புங்களுக்குத் தண்ணி மாத்தணும்."

என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. குறித்துக்கொள்கிறேன்.

கடைசியில் காலையில் கோச்சிங், இரண்டு மணி முதல் ஐந்து வரை என் வீடு என்று முடிவானது. செப்டம்பரில் மறுபடி பார்த்துக்கொள்ளலாமாம். மனுதாரர் பையை மாட்டிக்கொண்டே சொன்னார், "அந்தப் பாம்புங்க இருக்கற வரைக்கும் போகட்டும் மேடம். அவர்கிட்ட எத்தன நாளைக்கு இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். ஆதிரை என் செருப்பை மிதித்தாள்.

ஜூலை 5, சனி

வேலூரில் விடைத்தாள் திருத்தும் முகாம். விடுதி மின்விசிறிக்கு அடியில் மூன்று நாள் படுத்ததில் மூக்கு முழுதாக அடைத்துவிட்டது. மாலையில்தான் வீடு வந்தேன்.

நாளை முதல் மூன்று மணி நேரம்தான். அதில் ஒரு மணி வாளிக்கே போய்விடும். ஆகவே களைப்போடு களைப்பாகத் தண்ணீரை நானே மாற்றிவிட்டேன். வழக்கமாகத் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்திருந்து ஊற்றுவோம். இன்று நேரமில்லை, குழாயிலிருந்து நேராக. ஜட்ஜ் இன்றுதான் தோல் உரித்திருக்கிறார். முழு உறையாக இலைகளுக்கு நடுவே மிதந்தது. கரண்டியால் எடுத்து ஆதிரைக்காக ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் கப்பி மீன்கள் அத்தனையும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. கீழே போய்ப் பத்மாவதி அம்மாளிடம் கேட்டேன்.

"மேல் தொட்டி கழுவினோமே சார். பிளீச்சிங் பவுடர் கொஞ்சம் தாராளமாப் போட்டுட்டான். நேத்து, இன்னிக்கு ரெண்டு நாளும் குழாத்தண்ணி பொழங்க வேணாம்னு குரூப்ல போட்டேனே. நேத்தே போட்டேன்."

"குரூப்பில் நான் இல்லை."

"அதான் எனக்கும் தெரியுமே சார். நீங்கதானே போனீங்க?"

மாடி ஏறி வந்து கதவைத் தட்டிச் சொல்ல அந்த அம்மாளுக்கு என்ன கேடு? பதினாறு படிதான். குளோரின் நாற்றம் எனக்கே தெரிந்திருக்க வேண்டும் என்று அடுத்து சொல்வார்கள். மூக்கடைப்பு என்னுடைய குற்றமா?

கடையிலிருந்து கேன் தண்ணீர் வரவழைத்து முழுதும் மாற்றினேன். ஆதிரை வந்ததும் வெயிலில் மீன் செத்துவிட்டது என்றேன். உரித்த தோலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மீசை நுனி வரைக்கும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஜட்ஜ் ஏம்பா ஒரு மாதிரி இருக்கார்?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

ஜட்ஜின் முதுகில் வெள்ளைத் திட்டுகள். மீன் பக்கம் திரும்புவதேயில்லை. வக்கீலுக்கு ஒன்றும் இல்லை. வக்கீலுக்கு எப்போது என்ன ஆகியிருக்கிறது?

கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தேன்.

"டாக்டர், பாம்பு..."

"கடிச்சிடுச்சா? இங்க வராதீங்க சார், நேரா ஜி.எச். போங்க!"

"கடிக்கவில்லை. பாம்புக்குத்தான் உடம்பு சரியில்லை."

"நாங்க நாய், பூனை வரைக்கும்தான் சார்." வைத்துவிட்டார்.

பாதாம் இலையைக் கொதிக்கவைத்துத் திக்கான சாறு இறக்கி ஊற்றினேன். அமில அளவு சரியாக இருக்கிறது. எல்லா அளவும் சரியாக இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

ஜட்ஜ் இறந்துவிட்டார்.

இடுக்கியால் எடுத்து, ஆங்கிலப் பேப்பரில் சுற்றி, மாநகராட்சிப் பூங்காவுக்குக் கொண்டுபோனேன். செடி ஓரமாகக் குச்சியால் தோண்டிக்கொண்டிருக்கையில் காவலாளி வந்தார்.

"இன்னா சார் புதைக்கிற?"

"உரம்."

"பேப்பரோடவா?"

"பேப்பரும் மக்கும்."

நம்பவில்லை. ஆனால் போய்விட்டார். படித்தவன் மாதிரி இருக்கிறவனை யாரும் முழுதாகச் சந்தேகப்படுவதில்லை. முப்பது வருடப் படிப்பால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம்.

ஜூலை 12, சனி

கொளத்தூர் போய் வேறொன்று வாங்கிவந்தேன். செல்போனில் இருந்த ஜட்ஜின் படத்தை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். அதே பழுப்பு, அதே பக்கவாட்டுக் கோடு, நீளத்தில் ஒரு விரல் வித்தியாசம்கூட இல்லை. டில்லிபாபு பொறுமை இழந்துவிட்டார்.

"சார், பாம்பு வாங்கறியா, பொண்ணு பாக்கறியா?"

"அச்சாக அதே மாதிரி வேண்டும்."

"அப்ப இத எடுத்துக்கோ. நல்லா சாப்புடுது. மத்ததெல்லாம் சோம்பேறி."

ஏன் இந்த வேலை என்றால், ஆதிரை அழுதால் சமாதானம் செய்ய எனக்கு நேரமும் பொறுமையும் கிடையாது. அவ்வளவுதான் காரணம். மனுதாரர் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஆதிரை வந்ததும் தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். கண்ணாடியில் மூக்கு ஒட்டும் அளவுக்குக் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். நான் அடுப்படியில் தேவையில்லாமல் பாத்திரம் கழுவினேன்.

"அப்பா."

"ம்."

"தோல் உரிச்சப்புறம் ஜட்ஜ் புதுசு மாதிரி ஆயிட்டார்ல?"

"கேன் தண்ணீர் ஒத்துக்கொண்டது."

"ஆமா. இருக்கும்."

தேறிவிட்டேன். விஞ்ஞான முறைக்கு ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது.

ஜூலை 25, வெள்ளி

மீன் வாங்கிவரும்போது படிக்கட்டில் பத்மாவதி அம்மாள். பாலித்தீன் பையில் நீந்திக்கொண்டிருந்த கப்பிகளைப் பார்த்து, "பாவம் சார். ஆடி வெள்ளி அன்னிக்காவது அதுங்களுக்கு லீவு விடக் கூடாதா?" என்றார். பாம்புக்கு ஆடி தெரியாது என்றேன். "உங்களுக்குத் தெரியுமே சார்" என்றார். இந்த அம்மாளிடம் பேச்சில் ஜெயித்தவர்கள் உண்டா என்று தெரியவில்லை. மீனைத் தொட்டியில் விடவில்லை. நாளை விட்டுக்கொள்ளலாம். பயந்து அல்ல.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

"ஜட்ஜ் குண்டாயிட்டார்ப்பா."

"உட்கார்ந்த இடத்தில் சம்பளம் வாங்குகிறவன் குண்டாகத்தான் செய்வான்."

"உங்க ஹெச்.ஓ.டி. மாதிரியா?"

"நான் யார் பெயரையும் சொல்லவில்லை."

"நீ சொல்ல மாட்ட. 'சிலர்'னு சொல்லுவ." சிரித்தாள். இந்த ஜாடைப் பேச்செல்லாம் யாரிடம் கற்றுக்கொள்கிறாள்?

கோச்சிங்கிலிருந்து நேராக வருகிறாள். கண் சிவந்திருக்கிறது. இன்று தொட்டிக்கு எதிரே தரையிலேயே தூங்கிவிட்டாள். எழுப்பவில்லை. மூன்று மணி நேரமும் போயிற்று. பார்க்கப்போனால் எனக்கு நஷ்டம். மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு இலைகளை நான் மாற்றினேன், இடுக்கியால்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆலோசகர் அலுவலகத்திலிருந்து போன். செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி வரச் சொல்கிறார்கள். மனுதாரர் மறுபடி மாதம் ஒருமுறை என்று கேட்டிருக்கிறாராம். கேட்கட்டும். வக்கீலும் ஜட்ஜும் உயிரோடு இருக்கிறார்கள். நிபந்தனை என்ன, பாம்பு இருக்கும்வரை. இருக்கிறது. என்னிடம் படம் இருக்கிறது, தேதியோடு.

ஜட்ஜ் மூன்று நாளாக மீன் தொடவில்லை. மறுபடியும் முதலிலிருந்தா? கேன் தண்ணீர்தான், பிளீச்சிங் கிடையாது, இலை புதிது. எல்லா அளவும் சரியாக இருக்கிறது. போன முறையும் சரியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் விளக்கைப் போட்டதும் தொட்டியில் கறுப்பு நூல் மிதப்பதுபோல் தெரிந்தது. கரண்டியால் எடுக்கப் போனேன். நூல் நீந்திப் போயிற்று. அதற்கு மீசை இருந்தது.

இன்னொன்று. இலைக்கடியில் இரண்டு. வடிகட்டிக் குழாயைச் சுற்றி ஒன்று. நடுவில் ஜட்ஜ், உடம்பெல்லாம் தொளதொளத்து, பிரசவம் முடிந்த களைப்பில். இந்த இனம் முட்டையிடாது, தண்ணீருக்குள்ளேயே குட்டி போடும். போன வருடம் ஆதிரை சொன்னாள், நான் பேப்பர் படித்துக்கொண்டே கேட்டேன்.

நிறம் ஒப்பிட்டேன். கோடு ஒப்பிட்டேன். நீளம் அளந்தேன். பாம்பு ஆணா பெண்ணா என்று டில்லிபாபுவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முனைவர் பட்டம் வாங்கியவன்.

ஆண் பாம்பு குட்டி போட்டது என்று உலகத்தில் எந்தப் பெண்ணிடமும் சொல்ல முடியாது. அதுவும் ஆதிரையிடம். இன்னும் ஐந்து நாளில் ஆலோசகர் அறை. அதோடு, வக்கீல் குட்டிகளைச் சும்மா விடுவாரா என்ற சந்தேகம் வேறு. வக்கீல்கள் யாரையும் விட்டு நான் பார்த்ததில்லை. குளியலறை வாளியில் தொட்டித் தண்ணீரை நிரப்பினேன். டீ வடிகட்டியால் முயன்றேன், வழுக்கின. இடுக்கி பிடித்தால் நசுங்கும். வேறு வழியில்லாமல் கையை விட்டேன். முழங்கை வரை. முதல் குட்டி சுண்டுவிரலைச் சுற்றிக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. ஈர நூல்கண்டு மாதிரி இருந்தது. அதைக் கழற்றவே நேரம் போய்விட்டது. எல்லாவற்றையும் வாளிக்கு மாற்றி, மேலே துணி போட்டு மூடினேன்.

இரண்டு மணிக்கு ஆதிரை வந்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை.

"ஜட்ஜ் எளைச்சுட்டாரே."

"டயட்."

"ஒரே வாரத்துலயா?"

"சிலருக்கு உடம்பு வாகு அப்படி."

அப்போது, வக்கீலின் தலைக்குப் பக்கத்தில், ஒரு குட்டி மூச்சு வாங்க மேலே வந்தது. என் கைக்குத் தப்பிய ஒன்று. நிதானமாக மூச்சு வாங்கிற்று. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம். அது மறுபடி கீழே போய் இலைக்கடியில் புகுந்தது. வக்கீல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மத்ததெல்லாம் எங்க?"

"குளியலறையில்."

போய்த் துணியை விலக்கிப் பார்த்தாள். எட்டு இருந்தது, இதோடு ஒன்பது. அவள் வாளி விளிம்பைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். திரும்பியபோது சிரிப்பில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"பழைய ஜட்ஜோட எடது மீசை நுனி கொஞ்சம் அறுந்திருக்கும்ப்பா. நீ எடுத்து வெச்ச தோல்லகூட அது தெரிஞ்சுது. ஜூலைலயே எனக்குத் தெரியும்."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"நீ ஏன் சொல்லல?"

பதிலுக்கு, கடையில் போட்டோ வைத்து ஒப்பிட்டு வாங்கியதைச் சொன்னேன். அவள் தொடர்ந்தாள்.

"ஒண்ணு செத்துடுச்சுன்னா அம்மா சண்டேவ நிறுத்திடுவாங்கன்னு பயந்தேன். நீயும் அதுக்குத்தான் வாங்கினன்னு நெனச்சேன். இல்லியா?"

"தண்ணீர் மாற்ற வருகிறாய் என்றுதான் நீ ஆலோசகரிடம் சொன்னாய். பாம்புக்காக."

இதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. வந்துவிட்டது.

ஆதிரை கையைப் பாவாடையில் துடைத்தாள். "அப்பாவப் பாக்கணும்னு சொன்னா அம்மா அழுவாங்கப்பா. பாம்பப் பாக்கணும்னா திட்டுவாங்க. திட்டு பரவால்ல."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இறுக்கினேன். ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

அவளே போனை எடுத்தாள். வேண்டாம், பன்னிரண்டாம் தேதி வரை பொறு என்றேன். "போதும்ப்பா, எவ்ளோ நாளைக்கு நானும் நடிக்கிறது?" என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"அம்மா, ஜட்ஜுக்குக் கொழந்த பொறந்திருக்கு. ஒம்பது."

"எந்த ஜட்ஜுக்குடி?"

"பாம்புமா."

"அது ஆம்பளன்னுதானே சொன்ன?"

"அது பழைய ஜட்ஜ். செத்துட்டார். எனக்குத் தெரியக் கூடாதுன்னு அப்பா அதே மாதிரி வேற ஒண்ணு வாங்கிட்டு வந்தார். பொண்ணான்னு பாக்காம."

ஒரு பாம்பைக்கூட உங்களால் காப்பாற்ற முடியவில்லை என்று வரப்போகிறது. நான் பதிலைத் தயார் செய்துகொண்டேன், பிளீச்சிங் பவுடர், குரூப், மூக்கடைப்பு எல்லாம் சேர்த்து.

"உங்கப்பாவா? கடைக்குப் போயி, அதே மாதிரி தேடித் தேடிப் பாத்து வாங்கிட்டு வந்தாரா?"

"ஆமாம்மா. போட்டோ வெச்சுப் பாத்தாராம்."

அதற்குப் பிறகு வந்த சத்தத்தை முதலில் இருமல் என்று நினைத்தேன். சுமித்ரா சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சிரிப்பு. அது எனக்கு மறந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

"ஒம்பதையும் என்னடி பண்ணுவீங்க?"

"தனித்தனியா மீன் போடணும்மா. சண்டே மட்டும் பத்தாது. புதன்கிழமையும் வரணும்."

"கடிக்குமா?"

"கடிக்காது."

"கடிச்சா அவரக் கடிக்கட்டும்." கொஞ்சம் நின்று, "புதன்கிழமை நான் கொண்டாந்து விடறேன். கீழயே நிப்பேன், மேல வர மாட்டேன். சொல்லிடு."

ஐந்து மணிக்குப் போகவேண்டியவள் ஆறு மணிக்குப் போனாள். குட்டிகளைத் தொட்டிக்கே மாற்றினோம். கை விட்டது இருவரும்.

குறித்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 8, திங்கள்

கல்லூரி முடிந்து வந்து பத்மாவதி அம்மாள் வீட்டு மணியை அடித்தேன்.

"குரூப்பில் என்னைத் திரும்பச் சேர்க்க முடியுமா?"

"என்ன திடீர்னு சார்?"

"மேல் தொட்டி கழுவுகிற தேதி எனக்குத் தெரிய வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்."

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். தனக்குத் தெரிந்தவரை மாடியில் எந்தக் குழந்தையும் இல்லையே என்ற பார்வை. விளக்கம் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை.

"சேத்துடறேன். இன்னொரு தடவ கோச்சுக்கிட்டுப் போனா சேக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

மாடிக்கு வந்து காப்பி போட்டேன். முதல் வாய் குடிப்பதற்குள் போன் அடித்துக்கொண்டது. குரூப்பில் செய்தி: 'சிலர் கேட்டைச் சாத்துவதில்லை.'

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். திறந்துதான் கிடந்தது. கடைசியாக வந்தது நான்தான்.

இறங்கிப் போய்ச் சாத்திவிட்டு வந்தேன்.